மறந்ததென்ன சொல்லவா

“மலையிறங்கிப் போறவனே, மறந்ததென்ன சொல்லவா…”

டக்கென்று பாட்டு நின்றது.

இரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்குப் போகிற காலை பஸ். நிற்க இடமில்லாத சனம். எல்லாருடைய காதும் பாட்டுச் செட்டுப் பக்கம் நீண்டிருக்கிற நேரம் பார்த்து, டிரைவர் மர்சூக் நானா பட்டனை அமுக்கிவிட்டார்.

“என்ன டிரைவர் தம்பி, என்னத்தை மறந்தான்னு சொல்றதுக்குள்ள அந்தப் பிள்ளை வாயைப் பொத்திட்டீங்களே” என்றாள், கம்பியில் தொங்கிக்கொண்டு வந்த நல்லம்மா.

“வளைவு வருது அக்கா. கவனமா ஓட்டணும்.”

சொன்ன கையோடு ஒரு சினிமாப் பாட்டைப் போட்டார். அது அத்தனை வளைவிலும் வளைந்து முழுசாக ஓடி முடிந்தது.

ஜன்னலோரம் இருந்த நிஷாந்திக்கு முகம் சுண்டிப்போனது. நின்றுபோன பாட்டை எழுதி, மெட்டுப் போட்டு, பாடினவள் அவள்தான். மர்சூக் நானாவைத் தவிர பஸ்ஸில் வேறு யாருக்கும் அது தெரியாது. “யார் பாடினதுன்னு சொல்லிறாதீங்க நானா. பாட்டுப் பிடிச்சுக் கேக்கட்டும், முகத்துக்காகக் கேக்க வேணாம்” என்று சொல்லித்தான் பென் டிரைவைக் கொடுத்திருந்தாள்.

அவளும் சும்மா இருக்கவில்லை. ஒரு மலைப்படத்தைப் போட்டுப் பாட்டை யூடியூபில் ஏற்றினாள். தெரிந்தவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். சொந்தக்காரர்கள் பாட்டைத் திறக்க முந்தியே கைதட்டுகிற பொம்மையை அனுப்பிவிட்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

உக்குவளையில் நடக்கப்போகிற கலை விழாவில் பாட இடம் கேட்டாள். விழா நடத்துகிறவர் தன்மையாகத்தான் சொன்னார்.

“சொந்தப் பாட்டுன்னா சனத்துக்குத் தெரியாதும்மா. எழும்பிப் போயிருவாங்க. தெரிஞ்ச சினிமாப் பாட்டு ஒன்னு பாடுங்களேன்.”

தன் பாட்டைத் தானே ஒரு மேடையில் நின்று பாட வேண்டும். நிஷாந்தியின் ஆசை அது ஒன்றுதான். அதுக்குச் சனம் முதலில் பாட்டைக் கேட்கணுமே. கேட்கவிடாமல் இந்த மனுசன் குறுக்கே நிற்கிறாரே.

மறுநாளும் அதே இடம். “மறந்ததென்ன சொல்லவா…” டக்.

“எனக்குத் தெரியும். குடையை மறந்திருப்பான்” என்றார் பின் சீட்டுப் பெரியவர்.

“குடைக்கு யாராச்சும் பாட்டுப் படிப்பாங்களா? மோதிரமா இருக்கும்” என்றாள் நல்லம்மா.

“சோத்துப் பார்சலா இருக்கும். பசிச்சா தானா திரும்பி வருவான்” என்றான் கண்டக்டர்.

பஸ் முழுக்கச் சிரிப்பு. நல்லம்மா நிஷாந்தி பக்கம் குனிந்தாள். “நீ என்ன பிள்ளை நினைக்கிற?”

“டிரைவருக்குத்தான் மனசாட்சி மறந்துபோச்சு” என்றாள் நிஷாந்தி, முன்னால் கேட்கும்படியாகவே.

மர்சூக் நானா கண்ணாடியில் அவளைப் பார்த்தார். எதிரே ஆளே இல்லாத ரோட்டில் ஹாரனை ஒரு தடவை அடித்தார்.

முந்தியெல்லாம் இறங்கும்போது, “போயிட்டு வாரேன் நானா” என்று சொல்லாமல் போகமாட்டாள். அன்றோடு அதையும் விட்டுவிட்டாள். அவரோ விடவில்லை. தினமும் பாட்டைப் போட்டார், தினமும் அதே இடத்தில் நிப்பாட்டினார்.

ஒரு சாயந்தரம் விழா நடத்துகிறவரே போனில் கோல் எடுத்தார்.

“அந்த ‘மறந்ததென்ன’ பாட்டு உங்களோடதா? கடைத்தெருவெல்லாம் அதான் பாடுது. விழாவில அதையே பாடுங்கம்மா.”

எல்லாம் சொந்தக்காரர்கள் செய்த புண்ணியம் என்று நினைத்து நிஷாந்தி வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் நன்றி அனுப்பினாள். அதற்கும் கைதட்டுகிற பொம்மைதான் வந்தது.

விடிந்ததும் பஸ்ஸில் ஏறி, நேரே டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“பென் டிரைவைக் குடுங்க நானா. முழுசாப் போட மனசில்லாதவங்க அரையும் குறையுமாப் போடவும் வேணாம்.”

அவர் அதைக் கழற்றக் கை வைக்கவும், நல்லம்மா மூச்சு வாங்க ஏறவும் சரியாக இருந்தது.

“டிரைவர் தம்பி, இனி நீங்க நிப்பாட்டினா என்ன, நிப்பாட்டாட்டி என்ன. உங்க தொல்லை தாங்காம என் மகள் போன்ல தேடிப் புடிச்சிட்டா. இப்ப எங்க தோட்டத்து லயத்துல எந்தப் போனைத் தொட்டாலும் அந்தப் பாட்டுத்தான்.”

“எங்க வீட்டுலயும் தேடிட்டோம்” என்றார் பின் சீட்டுப் பெரியவர். “குடை இல்லையாம்.” அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நிஷாந்தி நீட்டின கையை மடக்கிக்கொண்டாள்.

“நானா, வேணும்னேதான் நிப்பாட்டினீங்களா?”

மர்சூக் நானா குரலைத் தாழ்த்தினார். “முழுசாப் போட்டா இறங்குற எடத்துலயே விட்டுட்டுப் போயிருவாங்க தங்கச்சி. அரைவாசியில நிப்பாட்டினாத்தான் மிச்சத்தைத் தேடிக்கிட்டு வீட்டுக்குக் கொண்டு போவாங்க.”

“என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா நீ சிரிச்சிருப்ப. உன் சிரிப்பைப் பார்த்துப் பாடினது யாருன்னு பஸ்ஸே கண்டுபிடிச்சிருக்கும். சொல்ல வேணாம்னு நீதானே சொன்ன?”

மாத்தளை வந்தது. வெட்கத்தில் நிஷாந்தி தலையைக் குனிந்தபடியே இறங்கி விறுவிறுவென்று நடந்தாள்.

பின்னால் ஹாரன் சத்தம்.

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, சுருதி கொஞ்சமும் சேராத குரலில், பஸ்ஸில் ஒரு நாளும் போடாத அந்த அடுத்த வரியை மர்சூக் நானா பாடிக்கொண்டிருந்தார்:

“தலைதிருப்பி என்னைப் பார்த்து ‘வாரேன்’னு சொல்லலியே…”