ஸ்வெட்டருக்குள் ஹார்ட் டிஸ்க்

சின்னவளின் துணி அலமாரியில், குழந்தையின் பழைய ஸ்வெட்டருக்குள் சுற்றி ஒளித்து வைக்கப்பட்டிருந்தது பெரியவளின் ஹார்ட் டிஸ்க்.

குழந்தைக்கு மாற்றுச் சட்டை எடுக்கத்தான் பெரியவள் அலமாரியைத் திறந்தாள். ஸ்வெட்டர் கனத்தது. பிரித்துப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பெரியவளும் சின்னவளும் அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். ஒரே வீடு, ஒரே சமையலறை. பெரியவள் வீட்டிலிருந்தபடியே கட்டட பிளான் போடுகிறவள். பதினோரு வருஷத்தில் முந்நூற்று நாற்பது வீடுகள். மாடியில் ஓர் அறை கூட்ட வேண்டும் என்று எட்டு வருஷம் கழித்து ஒருவர் வந்து நின்றாலும், பழைய பிளானை எடுத்து நீட்டுவாள். அத்தனையும் அந்த டிஸ்க்கில்தான். திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய பள்ளிக்கூட பிளானும் அதிலேதான். வேறெங்கும் நகல் கிடையாது.

கம்ப்யூட்டர் ஒரு வாரமாக மக்கர் பண்ணியது. விண்டோஸைப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்று பெரியவளின் தம்பி சொல்லியிருந்தான். வீடு வீடாகப் போய் கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்க்கிறவன். கை துறுதுறுவென்று இருக்கும், வாய் அதைவிட வேகம். காலை பத்து மணிக்கே வந்து முன்னறையில் உட்கார்ந்துவிட்டான்.

முந்தின நாள் சின்னவள் மெல்லப் பேச்செடுத்தாள். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருப்பது இரண்டு டிஸ்க். விண்டோஸ் ஒன்றில், பிளான் மற்றொன்றில். இரண்டாவதைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தால், கை தவறினாலும் பிளானுக்கு ஒன்றும் ஆகாது என்றாள். பெரியவளுக்குச் சுருக்கென்றது. என் தம்பி ஆயிரம் கம்ப்யூட்டர் பார்த்தவன், அவனுக்கு நீ பாடம் எடுக்கிறாயா என்று வாயை அடைத்துவிட்டாள்.

இன்று பார்த்தால் டிஸ்க் இங்கே இருக்கிறது.

துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்த சின்னவள், பெரியவள் கையிலிருந்ததைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"காலையில நீங்க குளிக்கப் போனப்ப நான்தான் கழட்டினேன்க்கா."

"என் பொழப்புல மண்ணள்ளிப் போடப் பாத்தியா?"

"உங்க தம்பி வேலையை முடிச்சதும் நானே மாட்டித் தரேன். அதுவரைக்கும் கம்ப்யூட்டர் பக்கம் கொண்டு போகாதீங்க."

"ஏன்?"

சின்னவள் ஸ்வெட்டரின் ஒரு கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பெரியவள் இழுத்துப் பார்த்தும் விடவில்லை. எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள், இன்று ஒரே பிடியாக நின்றாள்.

ஆத்திரத்தில் பெரியவளுக்கு நாக்கு எல்லை தாண்டியது. "பெத்த புள்ளையோட படத்தையே பத்திரமா வச்சுக்கத் தெரியாதவ நீ. உன்னோடது போச்சு, என்னோடதும் போகட்டும்னு நினைக்கிறே. அதானே?"

அது ஒரு வருஷத்துப் புண். குழந்தை பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை எடுத்த படங்கள், அவன் குப்புற விழுந்தது, தவழ்ந்தது, முதல் அடி வைத்தது எல்லாமே சின்னவளின் கம்ப்யூட்டரிலிருந்து ஒரே நாளில் காணாமல் போயின. டிஸ்க் தானாகக் கெட்டுப்போச்சு என்றாள். பொறுப்பில்லாதவள் என்று பெரியவள் அன்று ஆரம்பித்த பேச்சு, வாரம் ஒருமுறையாவது சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடும்.

சின்னவளின் கண் கலங்கியது. "இன்னும் ஒரு மணி நேரம்தான்க்கா" என்றாள். பிடி மட்டும் தளரவில்லை.

பக்கத்தில் நின்று இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த குழந்தை அழ ஆரம்பித்தான். சின்னவள் அவனைத் தூக்கக் குனிந்த நேரத்தில், பெரியவள் ஸ்வெட்டரோடு டிஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு முன்னறைக்கு விரைந்தாள். இவள் செய்த காரியத்தைத் தம்பியை வைத்துக்கொண்டே கேட்டுவிட வேண்டும்.

தம்பி கம்ப்யூட்டர் முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்தான். அவள் வாயைத் திறப்பதற்குள் அவனே ஆரம்பித்தான்.

"அக்கா, தப்பு நடந்துபோச்சு. விண்டோஸ் போடறப்ப வர்ற டிஸ்க் பட்டியல்ல என்னென்ன இருக்குன்னு நின்னு பாக்கல. பழக்கத்துல கடகடன்னு எல்லாத்தையும் அழிச்சுட்டேன். இப்ப பாத்தா உன் பிளான் எதையுமே காணோம்."

பெரியவளின் கை தானாக ஸ்வெட்டரை மார்போடு அணைத்துக்கொண்டது.

அவன் தலையைக் குனிந்தபடியே தொடர்ந்தான். "போன வருஷம் சின்னக்கா கம்ப்யூட்டர்லயும் இதேதான் பண்ணினேன். குழந்தை படமெல்லாம் என்னாலதான் போச்சு. உன்கிட்ட சொல்லிடாதீங்கன்னு கெஞ்சினேன். டிஸ்க் தானா கெட்டுப்போச்சுன்னு சொல்லிக்கிறேன்னாங்க. அவங்க பொறுத்துக்கிட்டாங்க. நீ என்ன வேணா திட்டு."

பெரியவள் திட்டவில்லை. ஒரு வருஷமாகச் சாப்பாட்டு மேசையில் தான் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. வெட்கத்தில் அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கதவருகே சின்னவள் வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை, கையில் ஸ்க்ரூ டிரைவர்.

"முடிஞ்சுடுச்சாக்கா? மாட்டிடவா?"

பெரியவள் ஸ்வெட்டரோடு டிஸ்க்கை அவளிடமே கொடுத்தாள்.

"என் தம்பி தெருமுனையைத் தாண்டட்டும்மா. அதுவரைக்கும் உன் அலமாரியிலேயே இருக்கட்டும்."