அஞ்சலையின் டம்ளர்

எச்சில் டம்ளரில் ஒட்டியிருக்கும் செல்களைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடும் கருவி தமயந்தியின் சமையலறையில் இருந்தது. மகள் பிரசவத்துக்கு வரவிருந்தாள். வீட்டு வேலை செய்யும் அஞ்சலைக்கு ஏதாவது தொற்று இருக்குமோ என்று பயந்து, அவளுக்கென்று தனியாக வைத்திருந்த டம்ளரைத் தமயந்தி ரகசியமாக அதில் வைத்துப் பார்த்தாள்.

தொற்று இல்லை. ஆனால் நாக்கில் புற்றுநோய் தொடங்கியிருந்தது.

சொன்னால், எப்படித் தெரிந்தது என்று அஞ்சலை கேட்பாளே! தமயந்தி தினமும் சொல்ல வாயெடுப்பாள். கூச்சத்தில் பேச்சை மாற்றிவிடுவாள். அஞ்சலை சோறு விழுங்க முடியாமல் தவித்தபோதுதான் தமயந்தி எல்லாவற்றையும் சொன்னாள்.

“எப்பக்கா பாத்தீங்க?”

“தீபாவளிக்கு முன்னாடி.”

“பொங்கலே முடிஞ்சிடுச்சேக்கா.”

தமயந்தியே அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள்.

“உயிருக்கு ஆபத்தில்லை. ஆனா பாதி நாக்கை எடுத்தாகணும்” என்றார் டாக்டர். “ஆரம்பத்துலயே வந்திருந்தா மாத்திரையிலயே சரியாயிருக்கும். ஏம்மா இவ்வளவு நாள் வரல?”

தமயந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

“நான்தான் அசால்ட்டா இருந்துட்டேன் சார்” என்றாள் அஞ்சலை.