நிறையாத டேங்க்

விஜயலெட்சுமி டீச்சருக்குப் பொறுக்கவே இல்லை. மழை தொடங்கியதிலிருந்து கிணற்றுத் தண்ணீரில் ஒரே நாற்றம். மகளுக்கு இரண்டு தடவை வயிற்றோட்டம் வேறு. வீட்டுக்கு மேலே இருக்கும் தோட்டத் தொழிலாளர் லயம்தான் காரணம் என்பதில் அவருக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. எட்டுக் குடும்பத்துக்கு ஒரே கக்கூஸ். அதைப் பூட்டி சீல் வைக்கச் சொல்லி பசறைச் சுகாதாரப் பணிமனைக்குப் போய் மனுக் கொடுத்தார். டீச்சர் எழுதிய மனு சும்மாவா, முழுசாக மூன்று பக்கம்.

பூட்டினால் நாங்கள் எங்கே போவது என்று லயத்துக் கருப்பம்மா வந்து கெஞ்சினாள்.

"அத குழி வெட்டும்போது யோசிச்சிருக்கணும். உங்க அசிங்கத்த நாங்க குடிக்கணுமா?"

சுகாதாரப் பரிசோதகர் நிஷாந்த் வந்தார். லயத்துக் கக்கூஸில் பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றினார். இங்கிருந்து கசிந்தால் கிணறு பச்சையாகும் என்றார். ஐந்து நாள் போயிற்று. கிணறு நிறம் மாறவில்லை.

"அப்ப உங்க கக்கூஸ் டேங்கையும் பாத்துருவோம் டீச்சர்."

டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"என் டேங்கையா? கட்டிப் பன்னிரண்டு வருஷம். ஒரு தடவைகூட பவுசர் லொறி கூப்பிட்டு அள்ளினதில்ல. நிறையிறதே இல்ல. அவ்வளவு நல்ல டேங்க்."

நிஷாந்த் டீச்சர் வீட்டுக் கக்கூஸிலும் சாயத்தை ஊற்றினார். மறுநாள் காலை கிணற்று வாளியில் வந்த தண்ணீர் பச்சைப் பசேலென்று இருந்தது. நிஷாந்த் டேங்க் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கசடு உள்ளயே தங்கணும் டீச்சர், தெளிஞ்ச தண்ணி மட்டும்தான் வெளிய போகணும். இதுக்கு அடியில சிமெந்தே போடல. அதான் நிறையல. எல்லாம் மண்ணுக்குள்ள இறங்கி, இந்த மழைக்கு உங்க கிணத்துக்கே வந்திருச்சு."

திருத்தும் வரை டீச்சர் வீட்டுக் கக்கூஸைப் பாவிக்கக் கூடாதென்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் விடியற்காலையில் டீச்சர் மகளையும் கூட்டிக்கொண்டு, கூனிக் குறுகி லயத்துக்கு ஏறினார். கக்கூஸ் வாசலில் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். காலையில் தோட்டத்தில் பெயர் பதியும் பெரட்டுக்குப் பிந்தினால் அவர்களுக்கு அன்றைய வேலை இல்லை. டீச்சர் யார் முகத்தையும் பார்க்காமல் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

முதல் ஆளாக நின்ற கருப்பம்மா திரும்பிப் பார்த்தாள்.

"அங்க ஏன் நிக்கிறீங்க டீச்சர்? ஸ்கூலுக்கு நேரமாகிரும், மகளக் கூட்டிக்கிட்டு முன்னுக்கு வாங்க."