வளையல் உடையாமல்

"வளையல உடைச்சாதான் எக்ஸ்ரேன்னா, எனக்கு எக்ஸ்ரேயே வாணாம் தம்பி! வெள்ளிக்கிழமையும் அதுவுமா..."

வீங்கிய கையை மார்போடு அணைத்தபடி வாசலைப் பார்த்துத் திரும்பினாள் அந்த அம்மாள். வீடு கழுவும்போது வழுக்கி விழுந்தவளாம்.

எக்ஸ்ரே எடுக்கும் ராஜவேல் கடிகாரத்தைப் பார்த்தான். நாலு மணிக்கே பர்மிஷன் சொல்லி, புதுச்சட்டையும் பையில் தயாராக வைத்திருந்தான். இன்று அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள். பெண் வீடு இதே சிதம்பரத்தில்தான். அவன் வீட்டார் கடலூரிலிருந்து வேனில் வந்துகொண்டிருந்தார்கள். பெண்ணைப் போட்டோவில் பார்த்ததிலிருந்தே அவனுக்குத் தூக்கம் போயிருந்தது.

"உடைக்க வேணாம்மா, ஒக்காருங்க. கண்ணாடி வளையலும் படத்துல விழும். எலும்ப மறைச்சிடும். அதான் கழட்டச் சொல்றது."

பாலிதீன் கவர் ஒன்றை வளையல்களுக்கு அடியில் மெல்ல நுழைத்து, மேலே தேங்காய் எண்ணெய் தடவினான். முதல் வளையல் நழுவி வந்தது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. கையெல்லாம் எண்ணெய்; முழங்கையால் ஸ்பீக்கரைப் போட்டான். அக்கா புருஷன் இளவரசு.

"மச்சான், வேன் முட்லூர் தாண்டிடுச்சி. இன்னுமா கெளம்பல? அஞ்சு மணியோட நல்ல நேரம் முடியுது. பொண்ணோட அம்மா ரொம்ப கறாராம்டா. லேட்டா வந்த பண்ருட்டி மாப்ளைய வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்களாம்!"

"பேஷண்ட் இருக்காங்க மாமா. முடிச்சிட்டு ஓடியாந்துடறேன்."

அந்த அம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அவ்ளோ கறாரா தம்பி அந்தப் பொம்பள?"

"இருந்துட்டுப் போகட்டும்மா. பொண்ணப் பெத்தவங்களுக்கு பயம் இருக்கும்ல? சொன்ன நேரத்துக்கு வராதவன, எத நம்பி கட்டிக் குடுப்பாங்க?"

"அப்ப கெளம்புங்க. அடுத்த ஆளு வந்து எடுக்கட்டும்."

"அவரு வர ஆறு மணி ஆவும். அதுவரைக்கும் வலியோட ஒக்காந்திருப்பீங்களா?"

ஒவ்வொன்றாக எல்லா வளையலும் வந்தன. கையைப் பலகை மேல் பூப்போல வைத்தான்.

"போட்டோ எடுக்கற மாதிரிதாம்மா, வலிக்காது. அசையாம மட்டும் இருங்க."

"வலிக்காதுன்னா நீங்க ஏன் கண்ணாடிக்குப் பின்னால ஓடுறீங்க?"

"உங்களுக்கு இன்னிக்கு ஒரு நாள், துளியூண்டு கதிர். எனக்கு தெனமும் இதே வேலையாச்சே. அங்கேருந்து உங்களயேதான் பாத்துக்கிட்டிருப்பேன்."

கையை நேராக வைத்து ஒன்று, திருப்பி வைத்து ஒன்று. படம் டாக்டரின் போனுக்குப் போனது. எலும்பு முறியவில்லை, சுளுக்குதான் என்று பதில் வந்தது. கட்டும் போட்டு முடித்து நிமிர்ந்தபோது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. இருந்தாலும் சிரித்துக்கொண்டே வளையல்களை அவள் இடது கையில் கொடுத்தான்.

"ஒண்ணுகூட உடையலம்மா."

பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

"நில்லுங்க மாப்ள!" என்று பின்னால் சிரிப்புச் சத்தம். "என்னையும் வண்டியில ஏத்திக்குங்க. நான் போய்ச் சேர்ந்தாதானே, லேட்டா வந்தீங்கன்னு உங்கள வாசல்ல நிறுத்தறதுக்கு அங்க ஆளிருக்கும்!"