மாஸ்டருக்கு ஒரு கிஃப்ட் கார்டு

வயலின் மாஸ்டர் சாமுவேலுக்கு நன்றிப் பரிசு கொடுப்பதென்று வடவள்ளி அப்பார்ட்மெண்ட்டில் எல்லோரும் ஒருமனதாக முடிவெடுத்துவிட்டார்கள். பணமா, கிஃப்ட் கார்டா என்பதில்தான் தகராறு.

“பணமாவே குடுத்துப்போடலாமுங்க. வேணுங்கறதை அவரே வாங்கிக்குவாரு,” என்றார் முதல் மாடி சுலோச்சனா.

செயலாளர் நாச்சிமுத்துவுக்கு அது பொறுக்கவில்லை. “கல்யாண ஊட்டு மொய் மாதிரி கவரை நீட்டறதுங்களா? பணம்னா பெட்ரோலுக்குப் போயிருமுங்க. வாத்தியக் கடை கார்டு குடுத்தா, வாங்குற பொருளைப் பார்க்கறப்பெல்லாம் நம்ம நெனப்பு வருமுங்க.”

பேசிப் பேசியே ஜெயித்தவர், தானே கார்டை வாங்கி, சுலோச்சனாவையும் கூட்டிக்கொண்டு போய் மாஸ்டரிடம் கொடுத்தார்.

மாஸ்டர் விழித்தார். “உங்க ஊடுகள்ல யாரும் எங்கிட்டக் கத்துக்கலீங்களே?”

உண்மைதான். கற்றுக்கொண்டவர் இரண்டாம் மாடி பாலுசாமி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து, விடிவதற்குள் வயலினைக் கையில் எடுத்துவிடுவார். ‘உங்களுக்கு வயலின் வராதுங்க’ என்று மாஸ்டர் சொல்லி நிறுத்திய பிறகுதான் அப்பார்ட்மெண்ட்டே தூங்குகிறது. அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

“பாலுசாமியண்ணனுக்காக நீங்க பட்ட பாட்டுக்குத்தானுங்க,” என்று குழைந்தார் நாச்சிமுத்து.

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. “அவர் மேல இத்தனை பாசமுங்களா? வயலினை விட்டதுல மனுசன் ஒடஞ்சு போயிட்டாருங்க. இந்தக் கார்டுலயே அவருக்கு ஒரு தவில் வாங்கிக் குடுத்துடறேனுங்க.”

படியிறங்கும்போது சுலோச்சனா மெதுவாகச் சொன்னார்.

“பணமாக் குடுத்திருந்தா பெட்ரோலுக்குப் போயிருக்குமுங்க.”