கிரியாமாவின் கோட்டு

"ஏங்க, ஒகயாமா ரயில் எந்தப் பக்கம் வரும்?"

வெங்காயத்தாள் நீட்டிக்கொண்டிருந்த பையோடு அந்த அம்மாள் கேட்டதும், கொஜிமா ரயில் நிலையத்தில் நின்றிருந்த கிரியாமா குனிந்து வணங்கினான்.

"எதிர்ப்பக்கங்க. பையைக் குடுங்கம்மா."

ரயிலேற்றிவிட்டுத் திரும்பியவனின் முகம் தொங்கிப்போயிருந்தது. முதலாளியம்மாவுக்குப் போன் போட்டான்.

"மேடம், இன்னைக்கும் ஒருத்தங்க வழி கேட்டுட்டாங்க."

"அப்போ அந்தக் கோட்டைக் கடாசிடு. நாம விக்கிறது ஃபேஷன். போட்டவன்கிட்ட ஊரே வழி கேட்டா எவன் வாங்குவான்?"

கிரியாமா ரயில்வே ஊழியன் அல்ல, ஆடை வடிவமைப்பாளன். பழைய ரயில்வே சீருடையை இன்றைய இளைஞர்களுக்கான கோட்டாக மாற்றி, தானே போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தான்.

"ஒரு வாரம் குடுங்க மேடம். நான் விடறதா இல்ல."

பித்தளைப் பொத்தான்களை ஏற்கெனவே எடுத்திருந்தான். இப்போது விறைத்த கழுத்துப்பட்டையையும் பிரித்தெறிந்தான். கோட்டின் கைகளை அகலமாக்கினான். துணியை அவுரிச் சாயத்தில் முக்கினான்.

அடுத்த வாரம் அதே இடத்தில் நின்றான். ரயில்கள் வந்து போயின. யாரும் எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் மேடத்துக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தபோது, அதே அம்மாள் வந்து நின்றாள்.

"ஒகயாமா ரயில் எதிர்ப்பக்கம்தானே?"

கிரியாமா நொந்துபோனான். "இந்தக் கோட்டைப் பாத்துமா என்கிட்ட கேக்கறீங்க?"

"கோட்டை யாரு பாத்தா? போன வாரம் பை தூக்கின முகம் மறக்குமா?" என்றவள், அப்போதுதான் அவனை மேலும் கீழும் பார்த்தாள். குரல் தழைந்தது.

"அடடா... யூனிஃபார்மைக் காணோமே, வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?"

கிரியாமா இடுப்பு வளையக் குனிந்தான்.

"ரொம்ப நன்றிங்கம்மா!"