கொன்றைமேடு வழி

இப்போதெல்லாம் மின்சார ரயிலுக்கு நிலையான வழி கிடையாது. ஏறுகிறவர்கள் திரையில் தொட்டுக் கேட்க வேண்டும். அதிகம் பேர் கேட்கிற வழியில் வண்டி போகும். மாலை வண்டியில், பெண்கள் பெட்டியில் நாங்கள் கேட்பது எப்போதும் கொன்றைமேடு வழிதான். நல்ல சுற்று. அந்த ஸ்டேஷனில் எங்களில் ஒருத்திகூட இறங்குவதில்லை.

நேற்று ரயில்வே அதிகாரி ஒருவர் எங்கள் பெட்டியில் ஏறினார். பெயர் ஜெயசீலி.

"யாருமே எறங்காத ஸ்டேஷனுக்கு வண்டி தெனமும் ஏன் போகுது? அந்த வழியையே எடுத்துடலாம்னு இருக்கோம்."

என் பக்கத்திலிருந்த ஹசீனா தன் மடியிலிருந்த முருங்கைக்கீரையில் ஒரு கொத்தை அவரிடம் நீட்டினாள்.

"சும்மாதானே உக்காந்திருக்கீங்க மேடம், உருவிக்கிட்டே கேளுங்க."

"நேர்வழியில போனா பாதிக் கீரைதான் ஆகும்," என்றேன் நான். "மிச்சத்த வீட்ல போய் உருவணும். அங்க யாரு மேடம் எங்ககூட பேசிக்கிட்டு உக்காருவா?"

அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் அவர் கை உருவ ஆரம்பித்திருந்தது. பேச்சு கீரையில் தொடங்கி, அவருடைய தம்பி கல்யாணத்தில் சாம்பார் பத்தாமல் போனதில் வந்து நின்றது.

தடம் பிரியும் இடம் நெருங்கியது. நேர்வழி கேட்டவர்களும் நாங்களும் அன்று சரிசமம். அதிகாரி மட்டும் இன்னும் எதையும் தொடவில்லை. திரை அவரைக் கேட்டது. எங்கள் எல்லோருடைய கையும் நின்றுவிட்டது.

அவர் தன் மடியைப் பார்த்தார். பாதிக் கொத்து மிச்சமிருந்தது. விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கொன்றைமேட்டைத் தொட்டார்.

"இருங்க," என்றார். "நான் இன்னும் அந்தக் கல்யாணச் சண்டைக்கே வரலை."